பட்டறையும் படைப்பாற்றலும்: தேவி பிரசாத்தின் கலைக்கல்விச் சிந்தனையை முன்வைத்து

கலைப் பயிற்சிப் பட்டறைகளின் வழி உயர்நிலைப் பள்ளி மாணவரின் படைப்பாற்றலை வளர்க்கலாம் என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆயின், அப்பட்டறை எத்தகையதாக அமைதல் வேண்டும் என்னும் வினா போதிய அளவில் எழுப்பப்படவில்லை. ‘ஆர்ட்: தி பேஸிஸ் ஆஃப் எஜுகேஷன்’ (1998) என்னும் நூலின் ஆசிரியரான தேவி பிரசாத்தின் (1921-2011) பணி இவ்வினாவிற்கு விடைகாணத் துணைபுரிகிறது.

சாந்திநிகேதனில் பயின்ற அவர், 1944இல் சேவாகிராமத்தில் கலையாசிரியரானார். 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக்கல்வி, கைத்தொழிலைக் கல்வியின் மையமாக்கியது. அதன் வருவாய் பள்ளிச் செலவை ஈடுசெய்யும் எனவும் எதிர்பார்த்தது. விளைபொருள் கணக்கிடப்பட்ட அச்சூழலில், அதனைச் செய்யும் குழந்தையின் அகவளர்ச்சியை முதன்மைப்படுத்தியமையே தேவி பிரசாத்தின் தனித்தன்மை எனலாம்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். தடையற்ற வெளிப்பாடு சிறு குழந்தைக்குப் பொருந்தும். பதினான்கு வயது மாணவனோ தன் ஓவியத்தை வளர்ந்தோரின் கண்கொண்டு மதிப்பிடத் தொடங்குகிறான். மனநிறைவு பெறாது வரைவதையே கைவிடுவோர் பலர். அவனுக்கு விடுதலை மட்டும் போதாது. பொருளின் இயல்பை அறியும் பயிற்சியும் தேவை. குயவுக்கலையிலும் தேர்ந்தவரான தேவி பிரசாத்தின் வாழ்வே இதற்கு விடையாகிறது. களிமண் கையின் விருப்பத்திற்கு உடனே இணங்குவதில்லை. சரிந்த கலத்தை மீண்டும் பிசைந்து வனையுங்கால் விடுதலையும் ஒழுங்கும் ஒன்றாகின்றன.

‘பட்டறை’ என்னும் தமிழ்ச்சொல் கொல்லன் பட்டறையை நினைவூட்டுவது. காய்ச்சுதல், அடித்தல், மீண்டும் காய்ச்சுதல் என்பதே அங்குள்ள தொழில்முறை. ஒரே நாளில் தொடங்கிச் சான்றிதழ் வழங்கலுடன் முடியும் நிகழ்வில் இத்தொடர்ச்சிக்கு இடமில்லை.

தேசியக் கல்விக்கொள்கை 2020, கலை ஒருங்கிணைந்த கற்பித்தலைப் பரிந்துரைக்கிறது. பாடங்கள் எளிதில் விளங்க இது உதவலாம். எனினும், பிற பாடங்களை விளக்கும் கருவியாக மட்டும் கலை நின்றுவிடின், சேவாகிராமத்தில் வருவாய்க் கணக்கு ஏற்படுத்திய அதே நெருக்கடி இங்கு மதிப்பெண் கணக்காக மீளும்.

தமிழ்க் கல்வியாளரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தேர்வில் ஒரு தலைப்பைத் தந்து, சில நிமிடங்களில் கவிதை புனையச் செய்து, அதற்கு மதிப்பெண் இடுவது படைப்பாற்றலை அளப்பதாகாது. எழுதியதை மாணவனே திரும்பப் படித்துத் திருத்துவதற்குரிய காலத்தை வகுப்பறை வழங்குமாயின், அதுவே மெய்யான பட்டறையாகும்.