மெய்க்காவலர் மட்டும் போதுமா?

2024 டிசம்பர் 4 அன்று காலை ஏழு மணிகூட ஆகவில்லை. நியூயார்க்கின் ஹில்டன் ஹோட்டலில் நடக்கவிருந்த முதலீட்டாளர் கூட்டத்துக்குத் தனியாக நடந்து வந்த பிரையன் தாம்ப்சன் வாசலிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். யுனைடெட் ஹெல்த்கேர் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அவர். உடன் மெய்க்காவலர் யாருமில்லை. அதன்பின் பல நிறுவனங்கள் தங்கள் உயர் அதிகாரிகளின் படங்களை இணையதளத்திலிருந்து அவசரமாக நீக்கின. மெய்க்காவலர்களைத் தேடி ஓடின.

முறையான ஆபத்து மதிப்பீடு காவலர்களை எண்ணுவதில் தொடங்குவதில்லை. யாருக்குப் பகை, அந்தப் பகைக்கு அதிகாரியின் அன்றாடத்தில் எங்கே வழி கிடைக்கிறது, விபரீதம் நடந்தால் இழப்பு என்ன என்று கேட்கிறது. தாம்ப்சன் விஷயத்தில் கூட்டத்தின் நாளும் இடமும் வெளியே தெரிந்தவை. காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டவர்களின் கோபமும் ஊரறிந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அந்த வாசலே ஆபத்தான இடம் என்பது புலப்பட்டிருக்கும். இந்த முறையின் பலமே இதுதான்: நேரத்தையும் பாதையையும் மாற்றுவது, வீட்டு முகவரியைப் பொதுவெளியிலிருந்து அகற்றுவது, பயணத் திட்டம் குடும்பத்தாரின் சமூக ஊடகப் பதிவுகளில் கசியாமல் பார்ப்பது என்று அதிகம் செலவில்லாத வழிகளைக் காட்டும்.

ஆனால் நடைமுறையில் மூன்று குறைகள் உண்டு. முதலாவது, செலவுக்கும் பாதுகாப்புக்கும் நேர் விகிதம் கிடையாது. டாய்ச்ச வங்கித் தலைவர் ஆல்ஃபிரட் ஹெர்ஹௌசன், 1989 நவம்பர் 30 அன்று கவச மெர்சிடிஸ் காரில் காவல் வண்டிகள் சூழ வீட்டிலிருந்து கிளம்பினார். சாலையோரம் நின்ற சைக்கிளில் வெடிகுண்டு. சாலையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றை. முன்னால் போன காவல் காரைப் போகவிட்டு, அவருடைய காரைக் குறிவைத்து குண்டு வெடித்தது. இரும்புக்கு மேல் இரும்பு சேர்த்தாலும், அந்தக் கார் எந்த வழியாக வரும் என்பதைக் கொலையாளிகள் அறிந்திருந்தால் பயனில்லை.

இரண்டாவது குறை பணம் சார்ந்தது. 2023இல் மெட்டா நிறுவனம் தன் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க், அவர் குடும்பத்தார் ஆகியோரின் பாதுகாப்புக்காக ஒதுக்கியது 2.3 கோடி டாலருக்கு மேல். அமெரிக்க விதிகளின்படி இத்தகைய செலவைப் பங்குதாரர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தொகை தெரியுமே தவிர, அதற்குப் பின்னுள்ள மதிப்பீடு தெரியாது. சுதந்திரமான பாதுகாப்பு ஆய்வு ஒன்று பரிந்துரைத்தால், அதிகாரிக்குத் தரும் வாகனப் பாதுகாப்புக்கு அங்கே வரிச்சலுகைக்கும் வழியுண்டு. ஆனால் அந்த ஆய்வுக்குக் கூலி கொடுப்பது நிறுவனமே. ‘ஆபத்து குறைவு’ என்று எழுதித் தர யாருக்கு மனம் வரும்?

மூன்றாவதுதான் பெரிய குறை. மதிப்பீடு எப்போதும் நாற்காலியின் உயரத்தைப் பார்க்கிறது. கோபம் யார் மேஜைக்கு முதலில் வருகிறது என்று பார்ப்பதில்லை. 2009 செப்டம்பரில் கோவை பிரிக்கால் ஆலையிலும், 2012 ஜூலையில் மானேசர் மாருதி ஆலையிலும் தொழில் தகராறின் நடுவே உயிரிழந்தவர்கள் முதலாளிகள் அல்ல, மனிதவள அதிகாரிகள். பணிநீக்க உத்தரவை நீட்டும் கை அவர்களுடையது. மெய்க்காவலர் நிற்பதோ மேல்மாடியில். அந்தப் பகையைக் கேமராவும் கதவும் தணிக்காது. பேச்சுவார்த்தையும், காதுகொடுத்துக் கேட்கும் குறைதீர்ப்பு முறையுமே தணிக்கும்.

ஆபத்து மதிப்பீட்டையே கைவிடச் சொல்லவில்லை. தாம்ப்சனின் கதை அதன் அவசியத்தைச் சொல்லிவிட்டது. ஆனால் காவலர்களையும் கவச வண்டிகளையும் விற்பவரிடமே மதிப்பீட்டை ஒப்படைக்கக் கூடாது. பணிநீக்கக் கடிதத்தில் கையெழுத்திடுபவரின் பெயரும் பாதுகாக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மதிப்பீடு, தலைவரின் அந்தஸ்துக்கு அணிகலன் ஆகுமே தவிர, உயிருக்குக் காவல் ஆகாது.