வெட்ட வேண்டிய இடம்

புதுவாயல் கூட்டுச்சாலையில் பழ வண்டிக்காரர் ஒதுக்கிப் போட்ட வாழைப்பழத்தைச் சுற்றி, சிவப்புக் கண்ணோடு எள்ளளவில் பறக்கிறதே, அதுதான் ட்ரோசோபிலா. மாங்காய்க்குள் புழு வைக்கும் பழ ஈ வேறு ஜாதி. விவசாயிகள் கோபிக்க வேண்டாம்.

இந்த ஈயின் மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் திருத்துவது 2013இல் தொடங்கியது. அந்தக் கருவிக்கு 2020இல் நோபல் கிடைத்த பிறகு ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது: கண்டபடி ரசாயனம் கொடுத்து, ஊனமான ஈயைத் தேடிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது, இனி வேண்டிய மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டலாம். உயிரியல் படிக்கும் பிள்ளைகள் என்னிடமே இதைச் சொல்கிறார்கள்.

கருவியில் குறையில்லை. 1982இல் வந்த பி-எலிமென்ட் முறையில், புகுத்திய மரபணு எங்கே போய் உட்காரும் என்பது நம் கையில் இல்லை. கிரிஸ்பரில் இருபது எழுத்து வழிகாட்டி ஆர்.என்.ஏ. இடத்தைக் காட்டிவிடும். ஈ முட்டையிட்ட ஒரு மணி நேரத்துக்குள் அதை முட்டைக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். தலைமுறைக்குப் பத்து நாள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மைய (என்.சி.பி.எஸ்.) வளாகத்தில் மற்ற ஆய்வகங்களுக்கும் இந்த வேலையைச் செய்து தருகிறார்கள். நல்லது.

என் சண்டை 'வேண்டிய மரபணு' என்ற சொல்லோடு. எது வேண்டியது என்று யார் சொன்னது?

மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் ஒபைத் சித்திகியும் அமெரிக்காவின் சீமோர் பென்சரும் எந்த மரபணுவையும் மனதில் வைத்துக்கொண்டு தேடவில்லை. ரசாயனம் கொடுத்த ஈக்களின் வழிவந்தவற்றில், சூடேற்றினால் எந்த ஈ விழுகிறது என்று பார்த்தார்கள். ஒரு வகை விழுந்தது. சூடு தணிந்தும் வெகுநேரம் எழவில்லை. 'கோமடோஸ்' என்று பெயரிட்டு 1976இல் வெளியிட்டார்கள். நரம்பு முனையிலிருந்து ரசாயனத் தூது வெளியேற உதவும் என்.எஸ்.எஃப். புரதத்தின் மரபணுதான் அந்த ஈயில் பிசகியிருந்தது என்று பின்னால் தெரிந்தது. அந்தப் புரதத்தை வேறு வழியில் கண்டெடுத்த விஞ்ஞானி ரோத்மன் 2013இல் நோபல் வாங்கினார்.

இந்த மரபணுவை அடியோடு வெட்டியிருந்தால் ஈ வளர்ந்து வெளியே வந்திருக்காது. செத்த ஈயிடம் என்ன கேட்பது? கோமடோஸில் ஓர் எழுத்துதான் பிசகியது. அதனால் புரதம் சாதாரண வெப்பத்தில் வேலை செய்து, சூட்டில் மட்டும் கைவிட்டது. கிரிஸ்பரால் ஒற்றை எழுத்தையும் மாற்றலாமே என்பார்கள். மாற்றலாம், எந்த எழுத்து என்று தெரிந்தால். அதைச் சொன்னது மயங்கி விழுந்த ஈ.

இன்றைய ஆய்வு மாணவர் எலியிலோ மனிதரிலோ ஏற்கெனவே பேர் வாங்கிய மரபணுவின் ஈ வடிவத்தைத் தேடிப் பிடித்து வெட்டுகிறார். எதிர்பார்த்த ஊனம் வந்தால் கட்டுரை. வராவிட்டால் அடுத்த மரபணு. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிற பரீட்சை இது. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். ஈயை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை போய்விட்டது என்பதே என் சந்தேகம்.

பழைய முறை மெதுவானது என்ற சாக்கும் இனி எடுபடாது. கோமடோஸ் எந்த மரபணு என்று கண்டுபிடிக்க ஏறத்தாழ இருபது வருஷம் ஆனது உண்மை. இன்று ஈயின் முழு மரபணுத் தொகுதியையும் படித்து, பிசகிய எழுத்தைச் சில வாரங்களில் காட்டிவிடலாம். பிறகு கிரிஸ்பரை எடுத்து, நல்ல ஈயில் அந்த ஓர் எழுத்தை மாற்றி, அதுவும் சூட்டில் விழுகிறதா என்று பார்க்கட்டும்.