பட்டியலில் ஏறாத குரல்

நவராத்திரி நாளில் திருவனந்தபுரத்தில் எங்கே திரும்பினாலும் கச்சேரிப் பேச்சுதான். கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாள் கீர்த்தனைகள். ஆரியசாலையில் வந்து தங்கியிருக்கும் குமாரகோவில் முருகனைப் பார்க்கக் கூட்டம். அந்த நேரத்தில் வலியசாலை அக்ரகாரத்துத் திண்ணை ஒன்றில் ஒரு மாமாவும் மருமானும் டிஸ்கோ பாட்டைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வீட்டுக்கு வேறு காரியமாகப் போனவன். காரியத்தை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

"உஷா உதுப் பாட்டுல ஒண்ணாம் நம்பர் 'ரம்பா ஹோ'வாக்கும். அதுல சம்சயமே வேண்டாம்" என்றார் மாமா. எழுபதைத் தாண்டியவர்.

"தப்பு மாமா. 'ஹரி ஓம் ஹரி'தான் முதல்ல வந்தது. அதைக் கேட்டு மயங்கினவாதானே 'ரம்பா ஹோ'வையும் கேட்டா?"

"முதல்ல வந்தது வேற, ஒண்ணாம் நம்பர் வேற, கேட்டியா."

எந்தப் பட்டியலில் ஒன்றாம் நம்பர் என்று நான் இடையில் கேட்டேன். இருவரும் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு மாமா சொன்னார்: "பட்டியல் எதுக்கு? அன்னிக்குச் சாலைக் கடைத்தெருவுல இந்தத் தலையிலேர்ந்து அந்தத் தலை வரைக்கும் நடந்து பார்த்தா, எல்லாக் கடையிலும் அதாக்கும் ஓடிண்டிருந்தது."

வருஷத்தைப் பொறுத்தவரை மருமான் சொன்னது சரி. 'ஹரி ஓம் ஹரி' 1980இல் வெளிவந்த 'ப்யாரா துஷ்மன்' படத்தில் வருகிறது. 'ரம்பா ஹோ' 1981இல் வந்த 'அர்மான்' படத்துப் பாட்டு. இரண்டுக்கும் இசை பப்பி லாகிரி. திரையில் இரண்டுக்கும் ஆடியவர் கல்பனா ஐயர். ஆனால் எது பெரிய வெற்றி என்ற கேள்விக்கு விடை தேடி எங்கே போவது? இந்தக் கட்டுரைக்காக அதைத் தேடினேன். தேடத் தேட, நம் நாட்டில் பாட்டின் வெற்றியை எப்படிக் கணக்கெடுத்தோம் என்ற கேள்விதான் பெரிதாகிக்கொண்டே போனது.

மேலை நாட்டில் இந்தத் தகராறே எழாது. டோனா சம்மரின் 'ஹாட் ஸ்டஃப்' 1979இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 3 வாரம் முதலிடத்தில் இருந்தது, 'பேட் கேர்ள்ஸ்' 5 வாரம் இருந்தது. எந்த வாரம் ஏறியது, எந்த வாரம் இறங்கியது என்பது அச்சில் இருக்கிறது. அங்கே ரசிகர்கள் சண்டை போடுவது அந்த எண்களை வைத்துக்கொண்டுதான்.

இந்த வித்தியாசத்தில் ஒரு விஷயம் என்னை மிகவும் உறுத்துகிறது. 'ஹரி ஓம் ஹரி'யின் மெட்டு 'ஒன் வே டிக்கெட்' என்ற பாட்டிலிருந்து வந்தது. 1959இல் நீல் செடாக்கா பாடியதை, இரப்ஷன் என்ற குழு டிஸ்கோவாக மாற்றி 1979இல் வெளியிட்டது. அது பிரிட்டன் பட்டியலில் 9ஆம் இடம் வரை ஏறியது. 'டிஸ்கோ டான்ஸர்' (1982) படத்தில் உஷா உதுப்பும் பப்பி லாகிரியும் பாடிய 'கோயீ யஹாங் நாச்சே' பாட்டின் மூலம், பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்'. அது 1979 அக்டோபரில் பிரிட்டனில் முதலிடம். தாய்ப் பாட்டுகளுக்கு ஜாதகம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இல்லை. கோடிக்கணக்கான பேர் வாயில் புழங்கிய பிள்ளைகள் இவை.

நம்மிடம் பட்டியலே இல்லை என்று சொல்ல முடியாது. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்த 1952ஆம் ஆண்டின் டிசம்பரில் இலங்கை வானொலியில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. புதன்கிழமை ராத்திரி எட்டு மணி. அமீன் சயானியின் குரல். பாட்டு எந்த 'பாய்தானில்', அதாவது எந்தப் படியில் நிற்கிறது என்று அவர் சொல்லும்போது, இந்தி தெரியாத வீட்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இசைத்தட்டு விற்கும் கடைகளிலிருந்து வந்த விற்பனைக் கணக்கும் நேயர் சங்கங்களின் வாக்கும் சேர்ந்து அந்த வரிசை உருவாயிற்று. 1989இல் நிகழ்ச்சி விவித பாரதிக்கு மாறியது. சயானி 2024 பிப்ரவரியில் காலமானார்.

கீத்மாலாவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அது இல்லாவிட்டால் இந்திப் பாட்டின் சரித்திரத்தில் பாதி இருட்டாக இருந்திருக்கும். ஆனால் டிஸ்கோ பாடகியைப் பொறுத்தவரை அந்தத் தராசு இரண்டு இடத்தில் பிசகுகிறது. ஒன்று, அது சினிமாப் பாட்டுக்கான தராசு. மேடையில் பாடி ஊரைக் கட்டிப்போட்ட பாட்டு அதில் ஏறாது. இரண்டு, அது தட்டு விற்பனையை நம்பியிருந்தது. 1980 வாக்கில் ஊரெல்லாம் கேசட் வந்தாயிற்று. சாலைக் கடைத்தெரு மாதிரி இடங்களில், வேண்டிய பாட்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவார்கள். ஒரே ஒரு தட்டை வைத்துக்கொண்டு ஒரு கடைக்காரர் நூறு பேருக்குப் பதிந்து கொடுத்திருப்பார். விற்பனைக் கணக்கில் அது ஒன்றுதான். டிஸ்கோ பரவியது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்பது என் கணிப்பு.

நாஸியா ஹஸன் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1980இல் 'குர்பானி' படத்துக்காக 'ஆப் ஜைஸா கோயீ' பாடியபோது அவர் லண்டனில் வளர்ந்துகொண்டிருந்த பாகிஸ்தான் சிறுமி. பதினைந்து வயதில் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். அந்தப் பாட்டுக்கு இசை அமைத்த பிட்டு, பெங்களூரில் பிறந்து லண்டனுக்குப் போனவர். 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' அவர் தயாரிப்பு. பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடத்தைப் பிடித்தது. 1981இல் நாஸியாவை வைத்து அவர் செய்த 'டிஸ்கோ தீவானே' சினிமா சம்பந்தமே இல்லாத தொகுப்பு. ஆகவே சினிமாப் பாட்டுத் தராசுக்கு அது எட்டவில்லை. அமெரிக்காவில் 1979 ஜூலையில் சிகாகோ மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே அந்த அலை அடங்கத் தொடங்கிய நேரத்தில்தான் இங்கே எழுந்தது. நம் டிஸ்கோவின் காலக்கணக்கே வேறு. அதை நாமே எழுதியாக வேண்டும்.

மறுபடி உஷா உதுப்புக்கு வருகிறேன். வலியசாலை மனிதர்கள் அவரை ஏன் இப்படி உரிமையோடு பேசுகிறார்கள் என்று புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. 1947 நவம்பரில் பம்பாயில் ஒரு தமிழ் ஐயர் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் ஜானி சாக்கோ உதுப் கேரளத்துக்காரர். "நம்மாத்துப் பொண்ணு, இந்த நாட்டு மருமகள்" என்று மாமா சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. தமிழ் பேசிக்கொண்டு மலையாளத்துக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக வாழும் தெருவுக்கு, இரண்டு பக்கமும் சொந்தம் உள்ள பாடகி என்றால் சும்மாவா?

பள்ளிக்கூடத்தில் இசை வகுப்புக்குக் குரல் பொருந்தவில்லை என்று வெளியே அனுப்பப்பட்டவர் அவர். ஒன்பது வயதில் அவரைப் பாடவைத்தது இலங்கை வானொலியின் ஓவல்டின் நிகழ்ச்சி. வாய்ப்புக் கொடுத்தவர் அதே அமீன் சயானி. 1969இல் சென்னை மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டரின் அடித்தளத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில், காஞ்சிபுரம் பட்டுப்புடவையோடு மேடை ஏறினார். பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் டிரிங்காஸ். கிளப்பில் பாடுகிறவள் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று ஊர் வைத்திருந்த எண்ணத்தை, பெரிய பொட்டும் தலை நிறையப் பூவுமாக வந்து அவர் மாற்றினார். 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் அவர் பாட்டைச் சீரழிவுக் கலாசாரம் என்று சொல்லி அரசு அரங்குகளின் கதவை அடைத்தபோது, நீதிமன்றம் போய் ஜெயித்தார்.

அவருடைய பாட்டுகளைத் தொகுக்க முயல்கிறவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் கல், பெயர். ஆரம்ப காலத் தட்டுகளில் அவர் உஷா ஐயர். 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' (1971) காலம் வரை அந்தப் பெயர்தான். உஷா உதுப் என்று மட்டும் தேடினால் பழைய தட்டுகள் கிடைக்காது. இரண்டாவது கல், மொழி. எத்தனையோ மொழிகளில் பாடியவர். தமிழில் 'மேல்நாட்டு மருமகள்' (1975) படத்தில் திரையிலேயே தோன்றிப் பாடினார். இளையராஜாவின் ஐந்நூறாவது படமான 'அஞ்சலி'யில் (1990) 'வேகம் வேகம்' அவர் குரல். மலையாளத்தில் 'சட்டக்காரி' (1974) படத்தில் ஆங்கிலப் பாட்டு. 'போத்தன் வாவா'வில் (2006) மம்மூட்டியோடு நடித்தே விட்டார். இந்திப் பட்டியல்காரர் கண்ணில் தமிழ்ப் பாட்டு படாது. தமிழ்ப் பாட்டுத் தொகுப்பாளர் மலையாளத்தைப் பார்க்க மாட்டார். மேடைப் பாட்டு எவர் கண்ணிலும் படாது. ஃபிலிம்ஃபேர் அவர் கைக்கு வந்தது, 2011இல் வந்த '7 கூன் மாஃப்' படத்தில் ரேகா பரத்வாஜோடு பாடிய 'டார்லிங்' பாட்டுக்கு. டிஸ்கோ காலம் முடிந்து ஒரு தலைமுறை ஆன பிறகு! விருதுக் கணக்கை வைத்து அவர் வெற்றியை அளக்கிறவர், அவருடைய உச்சமே அந்த ஆண்டுதான் என்று நினைத்துவிடக்கூடும். பத்மபூஷண் 2024இல் வந்தது.

தமிழ்ப் பக்கம் நிலைமை இன்னும் மோசம். 'டிஸ்கோ டான்ஸர்' 1985இல் ஆனந்த் பாபு நடிக்க 'பாடும் வானம்பாடி'யாகத் தமிழுக்கு வந்தது. பப்பி லாகிரியே 1983இல் 'அபூர்வ சகோதரிகள்' படத்துக்கு இசை அமைத்தார். 'சகலகலா வல்லவன்' (1982) படத்தில் எஸ்.பி.பி. பாடிய புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 ராத்திரி ஒலிக்காத தமிழ் ஊர் இல்லை. இவை எத்தனை தட்டு விற்றன, எத்தனை கேசட் விற்றன என்று வாரவாரமாகச் சொல்லும் ஆவணம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. படம் எத்தனை நாள் ஓடியது என்பதைச் சுவரொட்டி அடித்து ஞாபகம் வைத்துக்கொண்டோம். பாட்டு எத்தனை நாள் ஓடியது என்பதை ஞாபகம் வைத்தவர்கள் ரசிகர்கள் மட்டும்தான்.

அதனால்தான் திண்ணைப் பேச்சை நான் வெறும் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. கூர்ந்து கேட்டால் அதற்குள் சான்று இருக்கிறது. மாமா சொன்ன "இந்தத் தலையிலேர்ந்து அந்தத் தலை வரைக்கும்" என்பது ஒரு அளவை. எழுத்தாளர் ஆ. மாதவனின் சாலைக் கடைத்தெருக் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தெருவின் நீளம் தெரியும். ஒரே சாயங்காலம் அத்தனை கடையிலும் ஒரே பாட்டு என்றால், அது எந்த வாரம், ஓணத்துக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மருமான் சொன்ன "முதல்ல வந்தது" இன்னொரு அளவை. படம் வெளியான ஆண்டோடு ஒத்துப்பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

பேச்சு முடியும் தறுவாயில் மாமா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. அட்டை பிய்ந்து, நூலால் தைத்திருந்தது. கடையில் பதியக் கொடுப்பதற்கு முன்னால் பாட்டுகளை அதில் எழுதிவைப்பாராம். இடது ஓரத்தில் தேதி. பிறகு பாட்டின் பெயர், தமிழ் எழுத்தில். வலது பக்கம் 'ஏ', 'பி' என்று கேசட்டின் பக்கம். சில பாட்டுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி. அது என்ன என்று கேட்டேன்.

"தட்டு அவன் கடையில இல்லைன்னு அர்த்தம். வேற கடைக்குப் போணும்."

'ரம்பா ஹோ' அந்த நோட்டில் மூன்று இடத்தில் இருந்தது. தமக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, ஆபீஸில் யாருக்கோ ஒன்று. 'ஹரி ஓம் ஹரி' இரண்டு இடத்தில். மருமான் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வீட்டு நோட்டை வைத்து எந்தப் பாட்டு முதலிடம் என்று தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் ஐம்பது வீட்டு நோட்டு சேர்ந்தால் எழுதலாம். கரமனையிலும் கோட்டைக்குள்ளும் நாகர்கோவிலிலும் பாலக்காட்டிலும் இப்படிப்பட்ட நோட்டுகள் இருந்தே தீரும். பதிவுக் கடைகள் மூடியாயிற்று. கேசட் நாடா பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுதினவர்களுக்கும் வயதாகிவிட்டது. எந்த வானொலியும் எந்த நிறுவனமும் எடுக்காத கணக்கை எடுக்க இன்னும் சில ஆண்டுகளே மிச்சம்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டு நோட்டு, கேசட் அட்டை, பதிவுக் கடை ரசீது ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அதன் ஓரத்தில் ஊர்ப் பெயரையும், தெரிந்தவரை தேதியையும் எழுதி வையுங்கள். எழுதியவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.