விலக்கலும் தடுத்தலும்

ஆங்கில நூல்களைத் தமிழிற் பெயர்ப்போர் பலர் 'போர்பிட்', 'புறொஹிபிற்', 'ஹின்டர்', 'பிறிவென்ற்' என்னும் நான்கு வினைகளையும் 'தடுத்தல்' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர். ஆயின், இவை முற்றும் ஒருபொருளன அல்ல. சொல்லால் மறுப்பது வேறு. செயலால் மறிப்பது வேறு. மறித்தது பயன் தந்ததா என்பது மற்றொன்று. இவ்வேறுபாடு மறையின் மூலநூலார் கருத்தே மாறிவிடும்.

'போர்பிட்' பழைய ஆங்கிலச் சொல். செய்யற்க எனக் கட்டளையிடுதலைக் குறிப்பது. தந்தை மகனுக்கும் ஆசிரியர் மாணவனுக்கும் கூறும் மறுப்பு இதனுள் அடங்கும். 'புறொஹிபிற்' இலத்தீன் வழி வந்தது; பெரும்பாலும் சட்டத்தின் குரலாய் ஒலிப்பது. இவ்விரண்டும் ஆணையளவில் நிற்பன. கேட்டவன் அவற்றை மீறவுங் கூடும். 'ஹின்டர்' பின்புறத்தைக் குறிக்குஞ் சொல்லோடு உறவுடையது. பின்னின்று இழுப்பது போல இடையூறு செய்தலை உணர்த்தும். இடையூறுற்ற செயல் தாமதித்தேனும் நிறைவேறலாம். 'பிறிவென்ற்' என்பதோ செயல் நிகழவில்லை என்னும் முடிவையும் தன்னகத்தே கொண்டது.

இவ்வேறுபாட்டின் பயனை ஐக்கிய அமெரிக்க வரலாற்றிற் காணலாம். 1919 இல் ஏற்கப்பெற்ற அரசியலமைப்பின் 18 ஆவது திருத்தம் 1920 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. மதுவை உற்பத்தி செய்தலையும் விற்றலையும் கொண்டுசெல்லலையும் அது விலக்கிற்று. ஆயினும் கள்ளச் சாராயமும் மறைவான குடிநிலையங்களும் பெருகின. 1933 இல் 21 ஆவது திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. சட்டம் மது விற்பனையை விலக்கியது என்பது உண்மை. தடுத்துவிட்டது என்பது பிழை. ஒரு வினை மாறியதும் வரலாறே பொய்த்துவிடுகின்றது.

பழைய நூல்களைக் கற்போர்க்கு இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. 'பிறிவென்ற்' என்பதன் இலத்தீன் மூலம் முன்னே வருதலைக் குறிப்பது. 1611 இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் அது முந்துதல் என்னும் பொருளில் ஆளப்பட்டுள்ளது. 'லெற்' என்பது அதனினும் வியப்புக்குரியது. அனுமதித்தல், தடுத்தல் என முரண்பட்ட பொருளுடைய இருவேறு பழைய வினைகள் காலப்போக்கில் ஒரே வடிவம் பெற்றன. ஆவியைப் பின்தொடரவிடாது நண்பர் பற்றிக்கொண்டபோது ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் ஆண்ட 'லெற்' தடுத்தற் பொருளது. அதனை அனுமதித்தல் எனக் கொள்ளும் மாணவன் காட்சியையே தலைகீழாக உணர்வான்.

இத்தகைய மயக்கம் தமிழுக்கும் புதிதன்று. மதுவிலக்கில் 'விலக்கு' மறுப்பையும், வரிவிலக்கில் சலுகையையும் குறிக்கின்றது. 'மறியல்' ஈழத்திற் சிறைக்காவலையும், தமிழகத்தில் வழிமறித்து நடத்தும் போராட்டத்தையும் உணர்த்தும்.

எனினும் வேறுபாட்டைக் காட்டவல்ல சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. ஆணையாயின் விலக்குதல், இடைநின்று தொல்லை விளைப்பதாயின் இடையூறு செய்தல், நிகழாமற் செய்துவிட்டதாயின் தடுத்தல், நோய் முதலியவற்றிற்கு வருமுன் காத்தல். இவற்றுள் இறுதியானது 'பிறிவென்ற்' என்பதன் மூலப்பொருளுக்கும் மிக அணித்தாய் நிற்பது. மறுத்தவர் யார், மறுத்தது சொல்லாலா செயலாலா, மறுத்தது நின்றதா என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிய பின்னரே மொழிபெயர்ப்பாளன் எழுதுகோலை எடுத்தல் வேண்டும். அகராதி சொற்களைத் தரும். அவற்றுள் ஏற்றதைத் தெரிவது அவன் கடன்.