மயில் கழுத்து நிறத்தில் ஒரு செம்புக் கல்

புலோ காசாப் பக்கம் தோட்ட லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன் நான். இப்போது சிகாமட்டில் முப்பது வருடமாக வயரிங் வேலை. செம்புக் கம்பியைத் தொடாத நாளே இல்லை. ஆனால் அந்தச் செம்பைப் பெற்ற கல்லை நேரில் பார்த்தது, சபா நண்பர் ஒருவர் சால்கோபைரைட் துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்த அன்றுதான். அடடா, என்ன அழகு!

புதிதாக உடைந்த பக்கம், புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி மின்னியது. காற்றுப் பட்டுப் பழகிய பக்கமோ நீலமும் ஊதாவும் பச்சையுமாக, அசல் மயில் கழுத்து! சின்னத் துண்டுதான், ஆனால் கை தணிந்தது. தண்ணீரைவிட நான்கு மடங்குக்கு மேல் கனம்.

தங்கமாக இருக்குமோ என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. பத்தர் உரைகல்லில் உரைப்பதுபோல, டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் அழுத்தி இழுத்தேன். தங்கமென்றால் பொன்கோடு விழும். விழுந்தது பச்சை கலந்த கறுப்புக் கோடு! பைரைட் கல்லும் மஞ்சளாக மின்னி ஏமாற்றும்; ஆனால் அதன்மேல் பேனாக்கத்தி கீறாது. இதன்மேல் கீறும். கடினத்தன்மை 3.5 முதல் 4 வரைதான். பைரைட்டுக்கு 6க்கு மேல்.

சுத்தமான சால்கோபைரைட் ஒரு கிலோவில் செம்பு மட்டும் சுமார் 346 கிராம். மீதி இரும்பும் கந்தகமும். உலகத்துச் செம்பில் பெரும்பங்கு இந்தக் கல் தருவதுதான். எடுக்கும் விதம் இன்னும் அற்புதம்! பாறையை மாவாக அரைத்து, மருந்து கலந்த தண்ணீரில் போட்டுக் காற்றை ஊதுவார்கள். வெறும் கல் அடியில் தங்க, செம்புக் கல்லின் துகள் நுரையில் ஒட்டி மிதந்து வரும். அதை உருக்கி, மின்சாரத்தால் சுத்திகரித்தால் 99.99 சதவீதச் செம்பு. உருக்கும்போது வரும் கந்தகப் புகைகூட வீணாவதில்லை; அதைப் பிடித்துக் கந்தக அமிலம் செய்கிறார்கள், உரத்துக்கு உதவுகிறது.

நம் மலேசியாவிலேயே, கினபாலு மலைக்கு அருகே ரானாவில், மாமுட் சுரங்கம் 1975 முதல் 1999 வரை இந்தக் கல்லைத் தோண்டியது. இந்தியாவில் ராஜஸ்தானின் கேத்ரியிலும் மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்டிலும் இதே கல்தான்.

மின்விசிறிக்குள் சுற்றிய கம்பி, பூஜையறைச் செம்பு, துத்தநாகம் சேர்ந்து பித்தளையான குத்துவிளக்கு, சுண்ணாம்போடு கலந்து செடிகளின் பூஞ்சண நோய்க்கு அடிக்கும் மயில்துத்தம் என எங்கே திரும்பினாலும் செம்புதான். என்னைக் கேட்டால், லயத்து இருட்டை விரட்டிய இந்தக் கல்லுக்குத் தங்கம் ஈடாகாது.

பிள்ளைகளுக்கு ஒரு துண்டு வாங்கிக் கொடுங்கள். கூடவே மெருகில்லாத ஓடு ஒன்றும். அந்தக் கறும்பச்சைக் கோட்டை அவர்களே இழுத்துப் பார்க்கட்டும்!