வாசகன் இல்லாத பிரதி: ஆய்விதழ்க் கட்டுரைகள் குறித்துச் சில குறிப்புகள்

1

ஆசிரியன் இறந்துவிட்டான் என்று ரொலாண் பார்த் 1967இல் எழுதினார். அதை வைத்துத் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ஆசிரியன் விலகும் இடத்தில்தான் வாசகன் பிறக்கிறான் என்பது பார்த் வாதத்தின் மறுபாதி. இன்று மலைமலையாக உற்பத்தியாகும் ஓர் உரைநடை வகையில் இது தலைகீழாக இருக்கிறது. அங்கே ஆசிரியன் பட்டம், பதவி, நிறுவன முகவரியோடு திடகாத்திரமாக இருக்கிறான். வாசகன்தான் செத்துப்போனான். நான் சொல்வது ஆய்விதழ்க் கட்டுரைகளை. குறிப்பாகப் பொருளியல், மேலாண்மை, நீடித்த வளர்ச்சி ஆகிய துறைகளில் வருபவற்றை.

'தமிழ் எம்.ஏ.காரனுக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டுரைகளும் பிரதிகள்தாமே? பிரதி என்று வந்துவிட்டால் ஏடு உதிர்ந்திருக்கலாம், இடைச்செருகல் இருக்கலாம், படி எடுத்தவனின் கைவரிசையும் இருக்கலாம். அதைத் தேடிப் பார்ப்பது நம்ம தொழில். மூன்றுக்கும் ஒவ்வொரு உதாரணம் எடுத்துக்கொள்வோம்.

2

முதலில் ஏடு உதிர்ந்த கதை. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் பெயர்பெற்ற பொருளியலாளர்கள். அமெரிக்கன் எகனாமிக் ரிவியூவின் 2010 மே இதழில் அவர்களுடைய சிறிய கட்டுரை ஒன்று வந்தது. அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் வளர்ச்சி சரிகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் அப்படிப்பட்ட நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. ஐரோப்பிய ஆணையத்தின் ஒல்லி ரெயன், பிரிட்டனின் ஜார்ஜ் ஆஸ்பர்ன், அமெரிக்காவின் பால் ரயன் என்று அரசுச் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் பலரும் இவர்களை மேற்கோள் காட்டினார்கள்.

2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. மூல எக்செல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்க வேண்டிய 20 வரிகளில் 15 வரிகளுக்குத்தான் கட்டளை போடப்பட்டிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஆங்கில அகரவரிசையின் முதல் ஐந்து நாடுகள் உதிர்ந்துபோயிருந்தன. இதைவிடப் பெரிய சிக்கல் எடை போட்ட முறையில் இருந்தது. கடன் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த பிரிட்டனின் 19 வருஷங்களுக்கும், நியூசிலாந்தின் 1951 என்ற ஒற்றை வருஷத்துக்கும் சம எடை. ஹெர்ன்டனும் அவருடைய ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் இருவரும் திருத்திப் போட்டபோது கிடைத்த சராசரி 2.2 சதவீதம். எக்செல் பிழையை ரைன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள். கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற தங்கள் முடிவு அதனால் விழுந்துவிடவில்லை என்றும் வாதாடினார்கள்.

சிக்கன நடவடிக்கைகள் இந்த ஒரு கட்டுரையால் வந்தவை என்று சொல்ல மாட்டேன். அந்த அரசியலுக்கு ஒரு எண் தேவைப்பட்டது, கட்டுரை எண்ணைக் கொடுத்தது, அவ்வளவுதான். ஆனால் மூன்று வருஷமாக மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அதை வாசித்தார்கள்? மேற்கோள் வேறு, வாசிப்பு வேறு. ஆய்வுலகம் முதலாவதை மட்டும் எண்ணுகிறது.

3

அடுத்தது இடைச்செருகல். படிவத்தின் அடியில் கையெழுத்து வாங்காமல் உச்சியிலேயே வாங்கிவிட்டால் மக்கள் பொய் சொல்வது குறையும் என்று ஒரு கட்டுரை 2012இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. நேர்மையைப் பற்றிய கட்டுரை. மேலாண்மைத் துறையில் பெரும் புகழ் பெற்றது. அதன் ஆதாரங்களில் ஒன்று, காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்கள் தங்கள் கார் ஓடிய தூரத்தை எழுதிக்கொடுத்த கணக்கு. அதே ஆசிரியர்கள் 2020இல், அந்த விளைவு திரும்பச் செய்தால் கிடைக்கவில்லை என்று எழுதி, மூலத் தரவையும் பொதுவில் வைத்தார்கள்.

2021இல் டேட்டா கொலாடா என்ற பெயரில் இயங்கும் மூன்று ஆய்வாளர்கள், பெயர் வெளியிட விரும்பாத வேறு சிலரின் துணையோடு, அந்தத் தாளை வரிவரியாகப் படித்தார்கள். எந்த ஊரிலும் கார்கள் அப்படி ஓடாது. கொஞ்ச தூரம் ஓட்டியவர்கள் எத்தனை பேரோ, ஏறக்குறைய 50,000 மைல் ஓட்டியவர்களும் அத்தனை பேர். அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை! இன்னொரு தடயம் நம்மவர்களுக்குப் பிடிக்கும். முதல் அளவீட்டு எண்களில் பாதி ஒரு எழுத்துருவில், பாதி இன்னொரு எழுத்துருவில் இருந்தன. இந்த எழுத்துருவில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் அந்த எழுத்துருவில் சற்றே கூட்டிய ஒரு ஜோடி இருந்தது. சுவடியில் கையெழுத்து மாறும் இடத்தை வைத்து இடைச்செருகலைப் பிடிக்கிறோமே, அதே வேலை. தரவு இட்டுக்கட்டப்பட்டது என்பதைக் கட்டுரையின் ஆசிரியர்களே மறுக்கவில்லை. கை யாருடையது என்பது வேறு விவகாரம். 2021 செப்டம்பரில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

4

மூன்றாவது, படி எடுத்தவனின் கைவரிசை. கியோம் கபானாக், சிரில் லாபே, அலெக்சாந்தர் மகாசினோவ் மூவரும் 2021இல் ஒரு விசித்திரத்தை வெளிக்கொண்டுவந்தார்கள். ஆய்விதழ்களில் செயற்கை அறிவு என்று வர வேண்டிய இடத்தில் 'போலி உணர்வு' என்கிற மாதிரி ஆங்கிலச் சொற்கள், பெருந்தரவு வர வேண்டிய இடத்தில் 'பிரம்மாண்டத் தகவல்' என்கிற மாதிரி. பிறர் எழுதியதை எடுத்து, திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளிடமிருந்து தப்பிக்க, சொல்லுக்குச் சொல் இயந்திரத்தை வைத்து மாற்றியிருக்கிறார்கள். எழுதியவர் வாசிக்கவில்லை, மதிப்பிட்டவர் வாசிக்கவில்லை, பதிப்பித்தவரும் வாசிக்கவில்லை. முதல்முறையாக ஒருவர் வாசித்ததும் குட்டு உடைந்தது.

ஏன் இப்படி? காசு போகும் பாதையைப் பாருங்கள். ராபர்ட் மேக்ஸ்வெல் 1951இல் கைப்பற்றி பெர்கமான் என்று பெயரிட்டு வளர்த்த நிறுவனத்தை 1991இல் எல்சேவியருக்கு 44 கோடி பவுண்டுக்கு விற்றார். சரக்கு என்ன? ஆய்வுக்குச் செலவு பெரும்பாலும் மக்களுடைய வரிப்பணம், எழுதுபவருக்குச் சன்மானம் கிடையாது, மதிப்பிடுபவருக்கும் கிடையாது. அச்சானதை அவர்களுடைய நூலகத்துக்கே சந்தா போட்டு விற்கலாம். இந்தக் கொள்ளைக்கு மாற்றாக வந்ததுதான் எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம் என்னும் திறந்த அணுக்கம். நல்ல கொள்கைதான். ஆனால் அதன் வணிக வடிவத்தில், படிப்பவனுக்குப் பதில் எழுதுகிறவன் காசு கட்டுகிறான். சந்தாக் காலத்தில் நூலகத்துக்கு நிறுத்திவிடும் உரிமையாவது இருந்தது. எழுதுகிறவனே காசு கட்டும்போது வாசகன் எதற்கு? எத்தனை கட்டுரையோ அத்தனை வருமானம்.

வைலி நிறுவனம் ஹிந்தாவியை 2021இல் 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. 2023இல் மட்டும் ஹிந்தாவி இதழ்களில் வந்த 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கடைசியில் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். அதே 2023இன் இறுதியில், அதே வைலியின் ஜர்னல் ஆஃப் எகனாமிக் சர்வேஸ் இதழின் ஆசிரியர்கள், எண்ணிக்கை தரத்தைத் தின்றுவிடும் என்ற அச்சத்தில் கூண்டோடு விலகினார்கள்.

5

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவிட முடியுமா? இங்கே பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்குப் புள்ளிக்கணக்கு கொண்டுவந்தது. 2016 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது அச்சாகியிருக்க வேண்டும். விளைவு, காசு கட்டினால் சான்றிதழோடு அச்சேற்றும் இதழ்கள் காளான் மாதிரி முளைத்தன. குழு 2017இல் அங்கீகாரப் பட்டியல் போட்டது. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. முனைவர் பட்டத்துக்கான கட்டாயம் 2022இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பட்டியல்கள் வந்தன, போயின. 'கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது?' என்ற கேள்வி மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

2024 நவம்பரில் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. மூன்று வருஷத்துக்கு, 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது பெரிய வாசல், மறுக்கவில்லை. ஆனால் கல்லூரிக்கு வெளியே இருக்கும் வாசகனுக்கு, உதாரணமாக இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களில் பலருக்கு, அந்த வாசல் மூடித்தான் இருக்கிறது. வாசலைத் திறந்துவிட்டாலும் உள்ளே போய்ப் படிப்பதற்கு மதிப்பெண் கிடையாது.

வழி இல்லாமலில்லை. அமெரிக்கப் பொருளியல் சங்கம் 2019 முதல், ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் தரவையும் கணக்கு நிரலையும் வாங்கிச் சரிபார்த்த பிறகே தன் இதழ்களில் வெளியிடுகிறது. நாமும் ஒரு சின்ன காரியத்திலிருந்து தொடங்கலாம். நம் பல்கலைக்கழகங்களின் பொருளியல், மேலாண்மைத் துறைகளில் ஒவ்வோர் ஆய்வு மாணவரும், அச்சான கட்டுரை ஒன்றின் கணக்கை முதலிலிருந்து திரும்பப் போட்டு, சரியாக வந்ததா இல்லையா என்று இருபது பக்கம் எழுதட்டும், தமிழிலேயே எழுதட்டும். அதற்கும் ஒரு புள்ளி கொடுங்கள். ஹெர்ன்டன் புதிய கோட்பாடு எதையும் சொல்லவில்லை. எல்லோரும் மேற்கோள் காட்டியதை வாசித்தார். அந்த வேலைக்குத்தான் இப்போது ஆள் இல்லை.