பட்டாசுத் தொழிலாளருக்குக் கணினிவழிப் பயிற்சி: எதைத் தேர்ந்தெடுப்பது?

கணினிவழிப் பணியாளர் பயிற்சி என்பது, ஒரு வேலைக்கு வேண்டிய அறிவையும் பழக்கத்தையும் கணினி, கைப்பேசி, தொடுதிரை ஆகியவற்றின் வழியாகக் கற்பிக்கும் முறையாகும். 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ என்னும் அமைப்பு, கணினியைக் கொண்டு கற்பித்த முன்னோடிகளில் ஒன்று. இந்தியாவில் 2020இல் அறிவிக்கப்பட்ட மிஷன் கர்மயோகி திட்டத்தின் கீழ் அரசு ஊழியர்கள் ஐகாட் இணையதளத்தில் பாடங்களைக் கற்கின்றனர். வங்கி, மென்பொருள் நிறுவனங்களில் இம்முறை வழக்கமாகிவிட்டது. ஆலைத் தொழிலாளருக்கும் இது பொருந்துமா, பொருந்தும் என்றால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரப் பட்டாசு ஆலைகளை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பயிற்சியின் தரம் உயிர்களோடு நேரடியாகத் தொடர்புடைய தொழில் என்பதால் இந்த எடுத்துக்காட்டு.

வெம்பக்கோட்டைப் பின்னணி

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய மூன்றும் சேர்ந்த வறண்ட கரிசல் பகுதியே இந்தியப் பட்டாசு உற்பத்தியின் மையம். ஆலைகளுக்கான உரிமம், கையாளப்படும் வெடிபொருளின் அளவைப் பொறுத்து மாறுபடும். மாவட்ட நிருவாகம் வழங்குவதை டி.ஆர்.ஓ. உரிமம் என்றும், மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ வழங்குவதைச் சென்னை உரிமம், நாக்பூர் உரிமம் என்றும் இங்குள்ளோர் அழைப்பர். அனைத்து ஆலைகளையும் 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அறைகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் உரிமத்தோடு சேர்ந்த நிபந்தனைகள்.

விதிகள் இருந்தும் விபத்துகள் நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரி 17இல் வெம்பக்கோட்டை அருகே நடந்த விபத்தில் 10 பேர் இறந்தனர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழும் முதல் குரல், தொழிலாளருக்குப் போதிய பயிற்சி இல்லை என்பது.

பயிற்சிக்கான ஏற்பாடுகள் இல்லாமலில்லை. மேற்பார்வை செய்யும் ஃபோர்மேன் தேர்ச்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியில் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளரின் உரிமையாகவே குறிப்பிட்டது. ஆனால் வகுப்புக்கு அனுப்பப்படுவோர் சிலர். அறையில் மருந்தைத் தொடுவோர் பலர். இந்த இடைவெளியை நிரப்பத்தான் கணினி தேவைப்படுகிறது.

வழக்கமான தேர்வு முறையின் குறைகள்

கணினிவழிப் பாடத்தொகுப்பை வாங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் மூன்றைப் பார்க்கின்றன: ஓர் ஆளுக்கு ஆகும் செலவு, காட்சிகளின் அழகு, முடித்தவர்களின் பட்டியல். மூன்றுமே வாங்குபவருக்கு வசதியானவை. கற்பவருக்கு என்ன நடந்தது என்பதை இவற்றில் ஒன்றும் சொல்லாது.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. ஒருவர் இருபது நிமிடக் காணொளியை ஓடவிட்டு, கடைசியில் பத்துக் கேள்விகளுக்கு விடை தேர்ந்தெடுத்தால் 'பயிற்சி முடிந்தது' என்று பதிவாகிவிடும். விடை தவறினால் மறுபடி அழுத்தலாம்; பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். அந்தப் பதிவு தணிக்கைக்கு உதவும். விபத்து நடந்தபின் 'நாங்கள் பயிற்சி கொடுத்தோம், தொழிலாளிதான் கவனக்குறைவாக இருந்தார்' என்று சொல்லவும் உதவும். பயிற்சி இவ்வாறு தொழிலாளரைக் காப்பதிலிருந்து நிருவாகத்தைக் காப்பதற்கு இடம் மாறிவிடுகிறது.

அமெரிக்க அறிஞர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு படிநிலைகள் இன்றும் பயிற்சியை அளக்கப் பயன்படுகின்றன. கற்றவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் நிறுவனத்தில் விளைவு ஏற்பட்டதா என்பவை அவை. சந்தையில் காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. பட்டாசு ஆலைக்கு வேண்டியது மூன்றாவது.

ஆய்வுகள் கூறுவது

2006இல் மைக்கேல் பர்க்கும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வெளியிட்ட கட்டுரை, பாதுகாப்புப் பயிற்சி பற்றிய 95 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. விரிவுரை, துண்டறிக்கை, காணொளி ஆகியவற்றை அவர்கள் கற்பவரின் பங்கேற்பு மிகக் குறைந்த வகையில் வைத்தனர். படிப்படியாகக் கேள்வி கேட்டு உடனுக்குடன் திருத்தம் சொல்லும் பாடங்கள் நடுவில் வந்தன. செய்துகாட்டுதல், கற்பவரையே செய்யவைத்தல் ஆகியவை மேலே வந்தன. கற்பவரின் பங்கேற்பு கூடக்கூட அறிவும் கூடியது, விபத்துகளும் குறைந்தன என்பது அவர்களின் முடிவு.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, கணினியில் ஓடுவதாலேயே ஒரு பாடம் மேம்பட்டுவிடுவதில்லை. வெறும் காணொளி எந்தத் திரையில் ஓடினாலும் காணொளிதான். கல்வி உளவியலாளர் ரிச்சர்டு கிளார்க் 1983இலேயே, ஊடகம் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் வண்டி மட்டுமே என்று வாதிட்டார். இரண்டாவது, நன்றாக அமைந்த கணினிப் பாடம்கூட நடுத்தட்டில்தான் நிற்கிறது. கைவேலையைக் கற்பிக்க அது மட்டும் போதாது.

கணினியால் முடிவதும் முடியாததும்

கணினிக்கு உண்மையான பலங்கள் உண்டு. நேரில் காட்ட முடியாததை அது காட்டும். அலுமினியத் தூளில் ஈரம் சேர்ந்தால் வெப்பமும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகும். முதல்நாள் மீந்த கலவையை அறையில் விட்டுச் செல்வது ஏன் ஆபத்து என்பதை இதை வைத்து விளக்கலாம். இதை ஆலையில் செய்துகாட்ட இயலாது. அசைவுப் படத்தில் இயலும். உடலில் சேரும் நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. அறைக்குள் நுழையுமுன் எர்த் தகட்டைத் தொட்டால் அது எங்கே போகிறது என்பதைத் திரையில் பார்க்கலாம். படிக்கத் தெரியாதவருக்குப் பாடத்தைக் குரலிலேயே கொடுக்கலாம். நூறு பேருக்குச் சொன்னாலும் செய்தி மாறாது. மறந்தவர் மறுபடி கேட்கலாம்.

முடியாதவையும் உண்டு. மருந்தை அலசும்போது கைக்குத் தர வேண்டிய மென்மை, பெட்டியை இழுக்காமல் தூக்கி வைக்கும் பழக்கம், குழாயில் மருந்தை இடிக்காமல் செலுத்தும் பக்குவம் ஆகியவற்றைத் திரை கற்பிக்காது. அவை அனுபவமுள்ளவர் பக்கத்தில் நின்று, வெடிக்காத மாற்றுத் தூளை வைத்துச் செய்யவிட்டு, தவறியபோது நிறுத்திச் சொல்ல வேண்டியவை.

இந்தத் தொழிலுக்கே உரிய தடை ஒன்றும் இருக்கிறது. வெடிபொருள் கையாளும் இடத்திற்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. 'வேலை செய்யும் இடத்திலேயே கைப்பேசியில் கற்கலாம்' என்று விளம்பரப்படுத்தப்படும் எந்தத் தொகுப்பும் இங்கு அந்த வடிவில் பயன்படாது. பாடம் அலுவலகக் கட்டடத்திலோ ஊரிலோ நடக்க வேண்டும். செயல் அறையில் நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பவர் ஃபோர்மேன். அவரைத் தயார் செய்யாத பாடத்தொகுப்பு பாதிப் பயிற்சிதான்.

தேர்வுக்கான கேள்விகள்

ஒரு தொகுப்பை ஏற்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்பது நல்லது.

1. எந்தச் செயலை இது மாற்றும்? 'பாதுகாப்பு விழிப்புணர்வு' என்பது விடையாகாது. 'மீந்த கலவையை அறையில் வைக்காமல் மாலையிலேயே ஒப்படைப்பது' என்பது விடை. செயலைப் பெயர் சொல்லிக் குறிப்பிட முடியாத பாடத்தை வாங்க வேண்டியதில்லை.

2. யாருக்கு? கலவை அறையில் இருப்பவர், மருந்து செலுத்துபவர், திரி பொருத்துபவர், பெட்டி கட்டுபவர் ஆகியோருக்கு வரும் ஆபத்து வேறுவேறு. எல்லோருக்கும் ஒரே பாடம் என்றால் ஒருவருக்கும் பொருந்தாது.

3. எந்தத் தமிழில்? 'உராய்வு உணர்திறன் மிக்க வேதிச்சேர்மம்' என்று ஏட்டுத் தமிழில் மொழிபெயர்த்த பாடம் மருந்து அறையில் இருப்பவருக்குப் புரியாது. 'மருந்து' என்றே சொல்லும், ஆலைப் பேச்சு தெரிந்தவர் எழுதிய பாடம் வேண்டும்.

4. தவறான விடைக்கு என்ன நடக்கிறது? 'தவறு' என்று மட்டும் சொல்வதற்கும், அந்த முடிவை எடுத்தால் அறையில் அடுத்து என்ன ஆகும் என்று காட்டுவதற்கும் வேறுபாடு பெரிது.

5. சில வாரங்கள் கழித்து மறுபடி கேட்கிறதா? படித்ததை மீண்டும் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நீண்டநாள் நினைவுக்கு உதவுகிறது என்பதை 2006இல் ரோடிகர், கார்பிக்கி ஆகியோரின் சோதனைகள் காட்டின. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நெருக்கடி கூடும்போது மறுபயிற்சி மிகவும் தேவை. அப்போதுதான் அது தள்ளிப்போடப்படும்.

6. மாற்ற முடியுமா? 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது; பசுமைப் பட்டாசு வந்தது; கலவைகள் மாறின. அதற்கு முன் செய்த பாடத்தைத் திருத்த முடியாவிட்டால் அது தடைசெய்யப்பட்டதையே கற்பித்துக்கொண்டிருக்கும்.

7. கற்கும் நேரத்திற்குக் கூலி உண்டா? இங்கு பெரும்பகுதி வேலை எண்ணிக்கைக் கூலி. ஒரு மணி நேரம் திரைமுன் உட்கார்ந்தால் அந்த அளவுக்குக் கூலி குறையும். அதை ஈடுசெய்யாவிட்டால், பாடத்தை எவ்வளவு விரைவில் முடிக்கலாம் என்றே தொழிலாளி பார்ப்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

8. அறையில் போய்ப் பார்ப்பவர் யார்? பாடம் முடிந்து ஒரு மாதம் கழித்து, குறித்த செயல் நடக்கிறதா என்று ஃபோர்மேன் பார்த்து எழுதும் எளிய தாள் ஒன்று, கணினி தரும் அத்தனை வரைபடங்களையும்விடப் பயனுள்ளது.

பயிற்சியால் தீராதவை

பயிற்சியை ஆதரிப்போர் ஒதுக்கிவிடும் கேள்வி ஒன்று உண்டு: தொழிலாளிக்குத் தெரியாததால்தான் விபத்து நடக்கிறதா? நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால், எட்டுப் பேருக்கும் விதி தெரிந்திருக்கலாம். எழுந்து வெளியே போகும் உரிமை அவர்களுக்கு இல்லை. உரிமம் பெற்றவர் அறைகளைப் பிரித்து உள்குத்தகைக்கு விட்டிருந்தால், யாருடைய சொல் அங்கே செல்லும் என்பதே தெளிவில்லை. மரத்தடியில் வைத்து வேலை வாங்குவதும், அனுமதியின்றி வீடுகளில் பட்டாசு செய்வதும் அறியாமையால் நடப்பவை அல்ல.

பாதுகாப்புத் துறையில் ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளுக்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்தை நீக்குவது முதலில். ஆபத்து குறைந்த பொருளுக்கு மாறுவது அடுத்து. பொறியியல் தடுப்பு அதற்கடுத்து. விதிகளும் பயிற்சியும் அதன் பின். கையுறை முதலான தற்காப்புப் பொருள்கள் கடைசி. பயிற்சி இந்த வரிசையில் கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறது. மேலுள்ளவற்றைச் செய்யாமல் பயிற்சியை மட்டும் வாங்கும் ஆலை, பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் இறக்கி வைக்கிறது.

ஆகவே நல்ல பாடத்தொகுப்பு தொழிலாளியிடம் மட்டும் பேசாது. உரிமையாளருக்கும் குத்தகைதாரருக்கும் ஃபோர்மேனுக்கும் அவரவர் கடமையைச் சொல்லும் பகுதி அதில் இருக்கும். அறையில் ஆட்கள் மிகுந்தால் யாரிடம் சொல்வது, சொன்னதற்காக வேலை போகாது என்பதற்கு என்ன உறுதி என்பதும் இருக்கும். முதலிப்பட்டி காட்டியதுபோல், வெடிச்சத்தம் கேட்டால் ஓடிவரக் கூடாது என்பதைச் சுற்றியுள்ள ஊர்மக்களுக்குச் சொல்லும் பகுதியும் வேண்டும். கைப்பேசியில் பரவும் சிறு பாடத்துக்கு இது மிகப் பொருத்தமான இடம்.

மதிப்பீடு

கணினிவழிப் பயிற்சியைப் பட்டாசுத் தொழிலுக்கு ஒவ்வாதது என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஏன் என்பதை விளக்கவும், மறந்ததை நினைவூட்டவும், வகுப்புக்கு வர இயலாத பலரைச் சென்றடையவும் அது ஏற்ற கருவி. எப்படிச் செய்வது என்பதைக் கைப்பயிற்சிக்கும், செய்யவிடாமல் தடுப்பது எது என்பதை நிருவாகத்துக்கும் ஆய்வாளர்களுக்கும் விட்டுவிட வேண்டும். இந்த மூன்றில் முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு மூன்றும் முடிந்ததாகச் சான்றிதழ் தரும் தொகுப்பை மலிவு என்பதற்காகத் தேர்ந்தெடுப்பது தவறு. வாங்குமுன் அந்தப் பாடத்தைக் கலவை அறையில் வேலை செய்யும் ஓர் அம்மாவிடம் கொடுத்து, மறுநாள் அவர் எதை வேறுவிதமாகச் செய்வார் என்று கேட்டுப் பார்க்கலாம். அவரால் ஒன்றைச் சொல்ல முடிந்தால் மேற்கொண்டு பேசலாம்.